செங்கல் சூளையிலிருந்து வந்த பயிற்சியாளர்



செங்கல் சூளைக்கும், பெங்களூர், திருப்பூர் பக்கம் கட்டட வேலைக்கும் குடும்பத்தோடு போய் வருகிறவர்கள் நம் தருமபுரி மாவட்டத்துப் பங்குகளிலும் இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளை ஒன்று பள்ளி விளையாட்டு விழாவில் முதலாவதாக ஓடி வந்தால் நாம் கைதட்டுகிறோம். மறுநாள் அந்தப் பிள்ளை எங்கே ஓடும், யார் ஓடச் சொல்லித் தருவார்கள் என்று கேட்பதில்லை. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் பிறந்த சாந்தி சௌந்திரராஜனின் வாழ்வை இன்று எடுத்துக்கொள்வது இதனால்தான்.

1981-ஆம் ஆண்டு பிறந்த சாந்தியின் பெற்றோர் சூளைத் தொழிலாளர்கள். ஐந்து பிள்ளைகளில் இவர் மூத்தவர். ஓடக் கற்றுக்கொடுத்தவர் தாத்தா. ஊருக்கு வெளியே இருந்த மண் தரைதான் மைதானம். பள்ளிப் போட்டியில் ஒரு கோப்பை வென்றபோது ஒரு பயிற்சியாளரின் கண்ணில் பட்டார். படிப்புச் செலவு, சீருடை, மதியச் சாப்பாடு எல்லாம் அந்தப் பயிற்சியாளர் வழியாகக் கிடைத்தன. மூன்று வேளையும் சாப்பிட்டது அப்போதுதான் முதல் முறை என்று சாந்தியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பயிற்சி என்பது சோற்றிலிருந்து தொடங்குகிறது. நம்மில் பலர் இதை மறந்துவிட்டு, நேரம் பார்க்கும் கடிகாரத்திலிருந்து தொடங்குவதாக நினைக்கிறோம்.

அவர் ஓடியது 800 மீட்டர், அதாவது இரண்டு சுற்று. வேகமும் வேண்டும், மூச்சும் வேண்டும். முதல் வளைவு வரை அவரவர் பாதையில் ஓடி, பிறகு எல்லாரும் உள்பக்கம் சேர்ந்துவிடுவார்கள். அதன்பின் முழங்கைகள் இடிக்கும் நெரிசலில் இடம் பிடிக்க வேண்டும். 2005-இல் தென்கொரியாவின் இன்சியோனில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் வெள்ளி வென்றார். 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் 2 நிமிடம் 3.16 வினாடியில் ஓடி மீண்டும் வெள்ளி.

அந்த மகிழ்ச்சி சில நாட்கள்தான். பாலினச் சோதனையில் தேறவில்லை என்று பதக்கம் பறிக்கப்பட்டது. இந்தச் சோதனையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒலிம்பிக்கில் 1968 முதல் பெண் போட்டியாளர்கள் எல்லாருக்கும் இது கட்டாயமாக இருந்தது. பிறவியிலேயே உடலமைப்பில் வரும் வேறுபாடுகள் பலவகை. பெண்ணாகப் பிறந்து பெண்ணாக வளர்ந்தவரும் தமக்கே தெரியாமல் இதில் சிக்கினார்கள். அதனால் 1999-இல் கட்டாயச் சோதனை கைவிடப்பட்டது. சந்தேகம் வந்தால் மட்டும் சோதிக்கலாம் என்றானது. தோகாவில் சாந்திக்கு நடந்தது அந்த வகைச் சோதனை. முடிவை அவரிடம் தனியே அழைத்து யாரும் விளக்கவில்லை. உலகமே தெரிந்துகொண்ட விதத்தில், செய்தியாகத்தான் அவரும் தெரிந்துகொண்டார். இதில் எந்தப் பொய்யும் அவர் சொல்லவில்லை, எந்த ஊக்கமருந்தும் எடுக்கவில்லை என்பதை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஊர்ப் பேச்சு அந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை. 2007-இல் அவர் தம் உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்று, பிழைத்தார்.

பதக்கம் போன பிறகும் அப்போதைய முதல்வர் மு. கருணாநிதி 15 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தார். தற்காலிகப் பயிற்சியாளர் வேலையும் கிடைத்தது. மாதம் 5,000 ரூபாய். தம் பயிற்சியாளர் தமக்குச் செய்ததை இப்போது இவர் புதுக்கோட்டைப் பிள்ளைகளுக்குச் செய்யத் தொடங்கினார். 2009-இல் அவரிடம் 68 பேர் பயிற்சி பெற்றார்கள். சென்னை மாரத்தானில் அவருடைய மாணவர்கள் முதலிடமும் மூன்றாம் இடமும் பெற்றார்கள். ஓடவே கூடாது என்று ஒதுக்கப்பட்டவரிடம் ஓடக் கற்றவர்கள் இவர்கள்.

ஆனால் தற்காலிக வேலையை நம்பி ஒரு குடும்பத்தை நடத்த முடியவில்லை. வேலையை விட்டார். 2012-இல் பெற்றோரோடு அதே சூளையில், நாளுக்கு 200 ரூபாய் கூலிக்குச் செங்கல் வேலை செய்துகொண்டிருந்தார். பத்திரிகைகள் எழுதிய பிறகுதான் பலருக்கும் அவருடைய பெயர் நினைவுக்கு வந்தது. 68 பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்த காலத்தில் இந்த அக்கறை எங்கே போயிருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

நம் நாட்டில் அரசுப் பயிற்சியாளராக நிலைக்க வேண்டுமானால் பதக்கம் மட்டும் போதாது, முறையான பட்டயம் வேண்டும். 2013-இல் சாந்தி பெங்களூரில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர் பட்டயப் படிப்பில் சேர்ந்தார். முடித்ததும் மயிலாடுதுறையில் பயிற்சியாளரானார். அதுவும் ஒப்பந்த வேலை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் பணி கிடைத்தபோது, தோகா ஓட்டம் முடிந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதற்கிடையில் ஒடிசாவின் தூத்தி சந்த் இதே போன்ற தடையை எதிர்த்து விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்குப் போனார். 2015-இல் அந்த விதியை நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. தூத்தி மீண்டும் ஓடினார். சாந்தியின் வெள்ளிப் பதக்கம் மட்டும் திரும்பி வரவில்லை.