மூன்று நாள் பழக்கினால் முப்பது ஆண்டு உழைக்கும் தோசைக் கல்!

பொழுது இன்னும் விடியவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பெரிய சாலையில் தொழிற்சாலை பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போகின்றன.

முதல் "ஷிப்டு"க்குப் போகிறவர்கள் வீட்டில் நாலரை மணிக்கே அடுப்பு எரிகிறது. கணவனுக்கு ஒரு டப்பா. மனைவிக்கு ஒரு டப்பா. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு ஒரு டப்பா. பஸ் யாருக்காகவும் நிற்காது.

அந்த அவசரத்தில் தோசை கல்லில் ஒட்டிக்கொண்டால் எப்படி இருக்கும்? கரண்டியால் சுரண்டினால் பிய்ந்து வருகிறது. "இந்தக் கல்லே சரியில்லை" என்று தூக்கிப் பரண்மேல் போட்டுவிடுகிறார்கள். பிறகு ஒட்டாத பூச்சு பூசிய கல்லை வாங்குகிறார்கள். கரண்டி பட்டுப் பட்டு அந்தப் பூச்சு உரிகிறது. மறுபடியும் கடைக்கு ஓட்டம், மறுபடியும் செலவு!

பரண்மேல் கிடக்கும் கல் மீது குற்றம் இல்லை. அதைப் பழக்காமல் அடுப்பில் ஏற்றியதுதான் குற்றம்.

லாரியை நிறுத்தும் இரும்பு

தோசைக் கல் எந்த இரும்பால் ஆனது? வார்ப்பிரும்பு. இது ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களுக்குப் புதிது அல்ல.

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ம் ஆண்டு ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான் கார் தொழிற்சாலை வந்தது. 2012-ல் பாரத்பென்ஸ் லாரி தொழிற்சாலை திறக்கப்பட்டது. பொதுவாக, கார் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக் தட்டும், லாரியின் பிரேக் டிரம்மும் வார்ப்பிரும்பால் செய்யப்படுகின்றன.

ஏன் தெரியுமா? ஓடுகிற வண்டியை நிறுத்தும்போது சக்கரத்தில் கடுமையான சூடு பிறக்கிறது. வார்ப்பிரும்பு அந்தச் சூட்டை வாங்கித் தன்னுள் வைத்துக்கொள்ளும், எளிதில் கோணாது. இதே குணம்தான் தோசைக்கும் வேண்டும். மாவை ஊற்றியதும் மெல்லிய தகடு சட்டென்று குளிர்ந்துவிடும். கனத்த வார்ப்பிரும்பு குளிராது. அதனால்தான் தோசை மொறுமொறுப்பாக வருகிறது.

இரும்பைச் சுமார் 1,200 டிகிரி சூட்டில் கரியோடு சேர்த்து உருக்கி, மணல் அச்சில் ஊற்றுகிறார்கள். குளிர்ந்ததும் எடுக்கிறார்கள். இதுதான் வார்ப்பு. இந்த இரும்பில் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை கரி இருக்கும். அதனால் இது கெட்டி, ஆனால் வளையாது. கீழே விழுந்தால் உடையும்!

ரத்தத்திலும் இரும்பு வேண்டும்

தோசை நன்றாக வருவதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. இதில் உடல்நலமும் இருக்கிறது.

மத்திய அரசின் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு 2019-21-ல் நடந்தது. தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில், 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை இருப்பது அதில் தெரிந்தது. பாதிக்கு மேல்! எட்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு வந்து, "தலை சுற்றுகிறது, கால் ஓய்கிறது" என்று உட்காரும் பெண்களில் பலருக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

ரத்தசோகைக்குக் காரணங்கள் பல. அவற்றில் முக்கியமானது உணவில் இரும்புச் சத்து போதாமை. வயது வந்த பெண்ணுக்கு நாள் ஒன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச் சத்து வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் கணக்கிட்டுச் சொன்னது.

இரும்புப் பாத்திரத்தில் சமைத்தால், இரும்பு சிறிதளவு கரைந்து உணவில் சேருகிறது. அமெரிக்காவில் 1986-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 100 கிராம் தக்காளிக் குழம்பில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாக இருந்த இரும்பு, வார்ப்பிரும்புச் சட்டியில் கொதித்த பிறகு 5.8 மில்லிகிராமாக உயர்ந்திருந்தது.

ஆப்பிரிக்காவில் உள்ள எத்தியோப்பியாவில் சிறு குழந்தைகளை வைத்து ஓர் ஆண்டு ஆராய்ந்தார்கள். முடிவு 1999-ல் வெளிவந்தது. இரும்புச் சட்டியில் சமைத்ததைச் சாப்பிட்ட குழந்தைகளின் ரத்தம், அலுமினியப் பாத்திரத்தில் சமைத்ததைச் சாப்பிட்ட குழந்தைகளின் ரத்தத்தைவிட நன்றாகத் தேறியிருந்தது.

ஒன்றை மறக்கக்கூடாது. தோசை கல்லில் இருப்பது இரண்டு மூன்று நிமிடம்தான். அதில் சேரும் இரும்பு கொஞ்சமே. கீரையும் பொரியலும் இரும்புச் சட்டியில் கூடுதல் நேரம் வேகின்றன. அவற்றில் சேருவது அதிகம். ஆகவே ஒரு கல்லோடு ஒரு சட்டியும் வாங்குவது நல்லது.

சட்டி மருந்து ஆகாது. டாக்டர் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. தலசீமியா போன்ற ரத்த நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

ஒரு சின்னக் காந்தத்தைக் கையில் கொண்டு போங்கள். கறுப்புச் சாயம் பூசிய அலுமினியக் கல்லில் காந்தம் ஒட்டாது. இரும்பு என்றால் "டக்" என்று பிடித்துக்கொள்ளும்.

கல்லைத் தொங்கவிட்டு விரலால் சுண்டிப் பாருங்கள். மணிபோல் ஒலித்தால் நல்ல கல். மழுங்கிய ஓசை வந்தால் எங்கோ கீறல் இருக்கிறது.

சமமான தரையில் வைத்து அழுத்துங்கள். ஆடக்கூடாது. மேற்புறத்தைத் தடவிப் பாருங்கள். சிறு சொரசொரப்பு இருந்தால் பரவாயில்லை, குழி இருக்கக்கூடாது.

பழக்கும் முறை

முதல் நாள்: புதுக் கல்லில் எண்ணெய்ப் பசையும் கறுப்புத் தூளும் இருக்கும். வெந்நீரும் சோப்பும் போட்டு, தேங்காய் நாரால் நன்றாகத் தேயுங்கள். பிறகு சாதம் வடித்த கஞ்சியில் ஊற வையுங்கள். கஞ்சி இல்லாவிட்டால் அரிசி கழுவிய தண்ணீர் போதும்.

இரண்டாம் நாள்: கல்லைத் தேய்த்துக் கழுவி, புதுக் கஞ்சியில் மறுபடியும் ஊற வையுங்கள். தண்ணீர் கறுத்தாலும், கல்லில் லேசாகத் துரு தெரிந்தாலும் பயப்பட வேண்டாம். தேய்த்தால் போய்விடும்.

மூன்றாம் நாள்: கழுவி, துணியால் துடைத்து, சிறு தீயில் ஈரம் போகக் காய வையுங்கள். கல் வெதுவெதுப்பாக இருக்கும்போது நல்லெண்ணெய் சில சொட்டு விட்டு, எல்லாப் பக்கமும் தடவுங்கள். உடனே ஒரு துணியால் துடைத்துவிடுங்கள். "எண்ணெய் போட்டு ஏன் துடைக்க வேண்டும்?" என்று கேட்கலாம். தடித்துப் படிந்த எண்ணெய் பிசுபிசுப்பாகிவிடும். மெல்லியதாக இருந்தால்தான் இறுகும்.

ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, லேசாகப் புகை வரும் வரை காய வையுங்கள். ஆற விடுங்கள். இதையே மூன்று நான்கு தடவை செய்யுங்கள்.

கடைசியில் வெங்காயத்தை நறுக்கி, எண்ணெய் விட்டு, கறுக்கும் வரை கல் முழுவதும் புரட்டி வதக்குங்கள். அதை எறிந்துவிடுங்கள். கல் தயார்!

இதில் மந்திரம் எதுவும் இல்லை. சூட்டில் எண்ணெய் இறுகி, மெல்லிய தோல்போல இரும்பின்மேல் படிகிறது. இரும்பின் சொரசொரப்பு அடைபட்டுவிடுகிறது. மாவு ஒட்ட இடம் இல்லை.

முதல் தோசை காக்கைக்கு

முதல் இரண்டு தோசை பிய்ந்து வரலாம். மனம் தளர வேண்டாம். தொடக்கத்தில் எண்ணெய் தாராளமாக விட்டு அடை, ஊத்தப்பம் ஊற்றுங்கள். ஒரு வாரம் போனால் மெல்லிய தோசையும் வரும்.

கல் காய்ந்ததா என்று பார்க்கத் தண்ணீர் தெளியுங்கள். துளி உருண்டு ஓடினால் கல் காய்ந்துவிட்டது. தீயைக் குறைத்து, பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்துவிட்டு மாவை ஊற்றுங்கள். ஓரம் தானாகக் கிளம்பும்போது திருப்புங்கள். அவசரப்பட்டுச் சுரண்டினால் கல்லின் தோல் போய்விடும்.

சப்பாத்திக்கு வேறு கல் வைத்துக்கொள்வது நல்லது. எண்ணெய் இல்லாமல் சப்பாத்தி போட்டுப் போட்டு வறண்ட கல்லில் தோசை ஒட்டும்.

செய்யக்கூடாதவை

சூடான கல்லில் பச்சைத் தண்ணீர் ஊற்றக்கூடாது. இதை எழுதுகிறவனும் ஒரு கல்லை உடைத்தவன்தான். வாடகை அறையில் தனியாகச் சமைத்த காலம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்று காய்ந்த கல்லைக் குழாயடியில் காட்டினேன். "டங்" என்று ஒரு சத்தம். கல் இரண்டு துண்டு! அன்று பஸ்ஸும் போய்விட்டது.

புளிக் குழம்பையோ தக்காளித் தொக்கையோ இரும்புச் சட்டியிலேயே இரவு முழுவதும் வைத்திருக்கக் கூடாது. புளிப்பு, கல்லின் தோலை அரிக்கும். குழம்பில் இரும்பு வாடை அடிக்கும். சமைத்ததும் வேறு பாத்திரத்தில் மாற்றிவிடுங்கள்.

ராத்திரி முழுவதும் தண்ணீரில் ஊறப் போடக்கூடாது. வெந்நீர் விட்டுத் தேய்த்தாலே போதும். பிசுக்கு இருந்தால் கொஞ்சம் சோப்பு போடலாம். கழுவியதும் ஒரு நிமிடம் அடுப்பில் காட்டி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி மாட்டிவிடுங்கள்.

சின்னச் சின்னக் குறிப்புகள்

மழைக் காலத்தில் துருப் பிடித்துவிட்டதா? கல் உப்பும் தேங்காய் நாரும் கொண்டு தேயுங்கள். கழுவிக் காய வைத்து, மூன்றாம் நாள் வேலையை மறுபடியும் செய்யுங்கள். பரண்மேல் கிடக்கும் கல்லுக்கும் இதுதான் வைத்தியம். துருப் பிடித்த கல் செத்த கல் அல்ல!

மீன் வறுத்த வாடை போகவில்லையா? கல்லில் உப்பைப் போட்டு வறுத்து, துணியால் தேய்த்துத் துடையுங்கள்.

கரண்ட் அடுப்பில் சமைக்கிறீர்களா? இண்டக்‌ஷன் அடுப்பிலும் வார்ப்பிரும்பு வேலை செய்யும். ஆனால் எடுத்த எடுப்பில் முழுச் சூட்டையும் வைத்தால் கல் வெடிக்கலாம். குறைந்த சூட்டில் தொடங்கி, மெல்ல ஏற்றுங்கள். கல்லை இழுக்காமல் தூக்கி வையுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடியில் கீறல் விழும்.

இரும்புச் சட்டியில் கீரை கறுத்துப் போகும். அதைச் சாப்பிடுவதால் கெடுதல் இல்லை. கீரையில் எலுமிச்சம்பழம் பிழிந்து சாப்பிட்டால் இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்டதும் காபி, டீ குடிப்பது அதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

பாட்டி வீட்டுக் கல்

தமிழ்நாட்டுக்கும் இரும்புக்கும் உள்ள உறவு நேற்று வந்தது அல்ல. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு, சுமார் 4,200 ஆண்டு பழமையானது என்று 2022-ல் அறிவித்தார்கள். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்தது அதைவிடப் பழமையானது என்று 2025-ல் அறிவிப்பு வந்தது. அவை வார்ப்பிரும்பு அல்ல. ஆனாலும் இரும்போடு பழகிய கைகள் நம்முடையவை.

வேலை தேடி ஊரை விட்டு வந்த குடும்பங்கள் ஸ்ரீபெரும்புதூரில் ஏராளம். பெட்டி கனக்கிறது என்று பாட்டியின் தோசைக் கல்லை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு. அந்தக் கல்லில் பல ஆண்டு எண்ணெய் ஏறியிருக்கிறது. புதுக் கல்லுக்கு மூன்று நாள் வேண்டும். அந்தக் கல்லுக்கு ஒரு நாள் போதும்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது, திரும்பி வருகிற பையில் அதற்கு ஓர் இடம் வையுங்கள். பை கொஞ்சம் கனக்கும். கனக்கட்டும்! அதில் ஊற்றிய தோசை உங்கள் பிள்ளையின் டப்பாவில் முழுசாகப் போகும்.