பழைய லேண்ட் ரோவரை எழுப்பும் அறிவியல்

சிம்பாங் பூலாயிலிருந்து மலையேறி கம்போங் ராஜாவை அடைந்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் தேயிலைச் சரிவுகள், மறுபக்கம் நெகிழிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். இவற்றுக்கு நடுவே, பெட்டி போன்ற உடலும் ஒடுங்கிய முகமும் கொண்ட வண்டிகள் முட்டைக்கோஸ் கூடைகளைச் சுமந்துகொண்டு செம்மண் பாதையில் இறங்கி வரும். அவைதாம் கேமரன் மலையின் அடையாளமாகிவிட்ட பழைய லேண்ட் ரோவர்கள். அவற்றுள் பல உங்கள் பெற்றோரைவிட வயதில் மூத்தவை.

இப்படி ஒரு வண்டி ஓட முடியாமல் வீட்டுக்குப் பின்னால் புல் மூடிக் கிடந்தால், அதை மீண்டும் ஓட வைக்க முடியுமா? பல நேரங்களில் முடியும். அதற்கு ஸ்பேனர் மட்டும் போதாது. வேதியியலும் இயற்பியலும் வேண்டும். நீங்கள் படிவம் 4, 5-இல் படிக்கும் அதே பாடங்கள்தாம்.

டிராக்டருக்கு உறவுக்கார வண்டி

லேண்ட் ரோவர் பிறந்ததே தோட்ட வேலைக்காகத்தான். இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்தில் தலைமைப் பொறியாளராக இருந்த மோரிஸ் வில்க்ஸுக்கு வேல்ஸ் பகுதியின் ஆங்கிள்சி தீவில் ஒரு பண்ணை இருந்தது. அங்கே அவர் போரில் பயன்பட்ட வில்லிஸ் ஜீப் ஒன்றை ஓட்டிவந்தார். அது தேய்ந்தால் அடுத்து எதை வாங்குவது என்ற கேள்வியிலிருந்து 1947-இல் புதிய வண்டிக்கான எண்ணம் உருவானது. முதல் மாதிரி வண்டியில் ஸ்டீயரிங், டிராக்டரில் இருப்பதுபோல் நடுவில் இருந்தது. இஞ்சினின் சுழற்சியை வெளியே எடுத்து நீர் இறைக்கும் பம்பையோ மரம் அறுக்கும் வாளையோ ஓட்டவும் வழி செய்தார்கள். 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் லேண்ட் ரோவர் அறிமுகமானது.

போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எஃகு பங்கீட்டு முறையில்தான் கிடைத்தது. அதனால் உடல் தகடுகளை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அடியில் பாரம் தாங்கும் சேசிஸ் எஃகு. இந்த ஒரு முடிவுதான், இன்று வண்டியைப் பழுதுபார்ப்பவருக்கு நன்மையாகவும் தொல்லையாகவும் இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

துரு என்பது முதுமை அல்ல

“வயசாகிவிட்டது, துருப்பிடித்துவிட்டது” என்று சொல்வது வழக்கம். ஆனால், காலம் மட்டும் இரும்பைத் துருப்பிடிக்க வைப்பதில்லை. நீரும் ஆக்சிஜனும் சேர்ந்து இருக்க வேண்டும். இரும்பு அணு எலெக்ட்ரான்களை இழந்து அயனி ஆகிறது. அந்த எலெக்ட்ரான்களை, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் ஏற்றுக்கொள்கிறது. முடிவில் நீரேற்றம் பெற்ற இரும்பு ஆக்சைடு, அதாவது துரு, உண்டாகிறது. வேதியியல் பாடத்தில் வரும் ரெடோக்ஸ் வினை இதுதான்.

கேமரன் மலையில் மழையும் பனிமூட்டமும் அதிகம். வண்டி உலர்வதற்குள் மறுபடியும் நனைந்துவிடும். அதோடு உரமூட்டைகளையும் ஏற்றுகிறார்கள். மியூரேட் ஆஃப் பொட்டாஷ் என்னும் உரம் பொட்டாசியம் குளோரைடுதான். சிந்திய உரம் மழைநீரில் கரைந்தால் அது நல்ல மின்பகுபொருளாகிவிடும். எலெக்ட்ரான் பரிமாற்றம் வேகமாகும். எனவே சேசிஸின் மூலைகளில் தங்கிய சேற்றையும் உரத்தையும் தண்ணீரால் கழுவி, வண்டியை உலரவைப்பதே முதல் வேலை.

இரும்பின் பக்கத்தில் வெள்ளைப் பொடி

அலுமினியம் துருப்பிடிக்காதே என்று கேட்பீர்கள். காற்று பட்டதும் அதன்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி உள்ளே இருப்பதைக் காக்கும் என்பது உண்மைதான். ஆனால் பழைய லேண்ட் ரோவரின் கதவு ஓரத்தைப் பாருங்கள். அலுமினியத் தகடும் எஃகுச் சட்டமும் சேரும் இடத்தில் வெள்ளைப் பொடி உதிரும்.

இரண்டு வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, நடுவே உப்புநீரும் இருந்தால் அது ஒரு சிறிய மின்கலம். வினைத்திறன் மிகுந்த உலோகம்தான் அதில் கரையும். அலுமினியம் இரும்பைவிட வினைத்திறன் மிகுந்தது. குளோரைடு அயனிகள் அதன் காப்புப் படலத்தைத் துளைத்துவிட்டால், இரும்பைத் தொட்டிருக்கும் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். எனவே மறுபடியும் பூட்டும்போது இரண்டு உலோகங்களுக்கும் இடையே ரப்பர் பட்டையோ தகுந்த பூச்சோ வைப்பார்கள். தொடர்பு அறுந்தால் மின்கலமும் இல்லை.

இதே விதி நமக்கு உதவியாகவும் வரும். எஃகின்மேல் துத்தநாகம் பூசினால், துத்தநாகம் முதலில் கரைந்து எஃகைக் காக்கும். பூச்சில் சிறிய கீறல் விழுந்தாலும் இந்தக் காவல் தொடரும்.

இறுகிய நட்டு

துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். நட்டின் மரைக்குள் துரு வளர்ந்தால் அது ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடும். பலத்தைக் காட்டினால் போல்ட் முறியும்.

மெல்லிய ஊடுருவு எண்ணெயைத் தெளித்து ஒரு நாள் காத்திருங்கள். மயிர்த்துளை விளைவால் எண்ணெய் தானே இடுக்குக்குள் ஏறும். அதற்கும் அசையவில்லை என்றால் பட்டறைக்காரர் நட்டைச் சூடாக்குவார். எஃகைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவடையும். ஆகவே அலுமினிய வார்ப்பில் சிக்கிய எஃகு போல்ட்டைச் சுற்றிச் சூடேற்றினால் பிடி தளரும். எண்ணெய், பெட்ரோல் உள்ள இடத்தில் நெருப்பு ஆபத்து. ஆதலால் இந்த வேலை பெரியவர்களுக்கு உரியது.

மின்சாரத்தால் துரு நீக்குதல்

துருப்பிடித்த சிறிய இரும்புப் பாகங்களுக்கு மின்பகுப்பு முறை உண்டு. ஒரு நெகிழி வாளியில் 4 லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைப்பார்கள். துருப்பிடித்த பாகத்தை 12 வோல்ட் மின்னேற்றியின் எதிர்முனையிலும், வேண்டாத இரும்புத் துண்டு ஒன்றை நேர்முனையிலும் இணைப்பார்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. மின்சாரம் பாயும்போது, துருப்பிடித்த பாகத்துக்கு எலெக்ட்ரான்கள் திரும்பக் கிடைக்கின்றன. செந்நிறத் துரு, தூரிகையால் தேய்த்தால் உதிரும் கறுப்புப் பொருளாக மாறும்.

ஆனால் இங்கே ஓர் எல்லை உண்டு. துரு அரித்த பள்ளம் நிரம்பாது. போன இரும்பு போனதுதான்.

ஆசிரியரோ பெரியவரோ அருகில் இல்லாமல் இதைச் செய்யக்கூடாது. ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில்தான் செய்ய வேண்டும். நேர்முனையில் துருப்பிடிக்காத எஃகை வைத்தால் நச்சுத்தன்மையுள்ள குரோமியச் சேர்மம் உண்டாகலாம். அலுமினியப் பாகத்தை இந்தக் காரக் கரைசலில் போட்டால் அது அரிக்கப்படும்.

இஞ்சினிடம் கேட்கும் கேள்விகள்

பல ஆண்டுகள் நின்ற இஞ்சினில் உடனே சாவியைத் திருப்பக்கூடாது. சிலிண்டர் சுவரில் துரு இருந்தால் பிஸ்டன் வளையம் உடைந்துபோகும். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சில நாள் ஊறவைப்பார்கள். பிறகு முன்பக்கத்துக் கைப்பிடியால் மெல்லச் சுற்றிப் பார்ப்பார்கள். பழைய லேண்ட் ரோவரில் அதற்கான வசதி உண்டு.

சுற்றினால், அடுத்து மூன்று கேள்விகள். அமுக்கம் இருக்கிறதா? பொறி வருகிறதா? எரிபொருளும் காற்றும் சரியான அளவில் சேர்கின்றனவா? பெட்ரோல் இஞ்சினுக்கு இவை மூன்றும் அமைந்தால், பெரும்பாலும் அது உறுமும்.

பொறியை எடுத்துக்கொள்வோம். பேட்டரி தருவது 12 வோல்ட் மட்டுமே. பிளக்கின் இடைவெளியைத் தாண்டப் பல ஆயிரம் வோல்ட் வேண்டும். சுருளில் பாயும் மின்னோட்டத்தை ஒரு சிறிய தொடுமுனை சட்டென்று துண்டிக்கும். காந்தப்புலம் குலையும். அதிகச் சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுருளில் உயர் மின்னழுத்தம் தூண்டப்படும். மின்காந்தத் தூண்டல் பாடத்தின் நேரடிப் பயன் இது. நான்கு சிலிண்டர் இஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்றால், இந்தத் தொடுமுனை ஒரு விநாடியில் 100 முறை திறந்து மூட வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். தொடுமுனையின் இடைவெளியோ ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர்தான். அதில் அழுக்கு ஏறினாலே வண்டி நின்றுவிடும்.

மலைக்காற்றின் குறும்பு

1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம், கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 84 விழுக்காடுதான். ஒவ்வொரு முறையும் சிலிண்டருக்குள் குறைவான ஆக்சிஜனே செல்கிறது. எனவே ஈப்போவில் சரிசெய்த கார்புரேட்டர் மலையில் பெட்ரோலைக் கூடுதலாகக் கலக்கும். கரும்புகை வரும், பிளக்கில் கரி படியும். அமுக்கத்தை அளந்தாலும் கையேட்டில் உள்ள எண்ணைவிடக் குறைவாகவே காட்டும். அதைப் பார்த்து இஞ்சின் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. நான்கு சிலிண்டர்களின் அளவும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றனவா என்பதே முக்கியம்.

சாயம் பூசி மறைக்கக்கூடாதது

பளபளக்கும் பச்சைச் சாயம் அழகுதான். ஆனால் கேமரன் மலைச் சாலையில் உயிரைக் காப்பது சாயம் அல்ல. சேசிஸ் பெட்டி வடிவக் குழாய் என்பதால், உள்ளே தேங்கிய நீர் உள்ளிருந்தே அரிக்கும். வெளியே தெரியாது. அதனால் அனுபவசாலிகள் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார்கள். நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும்; அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதிய எஃகைப் பற்றவைக்க வேண்டும். மேலே சாயம் பூசுவது ஏமாற்று வேலை.

பிரேக்கும் அப்படியே. பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் அதன் கொதிநிலை குறையும், குழாய்களும் உள்ளே துருப்பிடிக்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகி எண்ணெய் ஆவியானால், மிதிகட்டை பிடியின்றி உள்ளே இறங்கும். பாரம் ஏற்றிய வண்டியில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசியை ஊதவோ துலக்கவோ கூடாது. பிரேக் வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடமே விடுங்கள். இஞ்சினை மாற்றுவதற்கும் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி வேண்டும்.

இவற்றையெல்லாம் கைப்பழக்கத்தில் கற்றவர்கள் மலையில் இருக்கிறார்கள். ஒலியைக் கேட்டே குறையைச் சொல்வார்கள். ஏன் அப்படி என்பதற்கான விளக்கம் உங்கள் பாடநூலில் இருக்கிறது. விடுமுறையில் அவர்களுக்கு ஒரு கை உதவினால் இரண்டும் உங்களிடம் சேரும். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுத்து, பெயர் எழுதிய டின்னில் போட்டு வைக்கும் வேலையிலிருந்து தொடங்கலாம்.

செய்து பாருங்கள்

மூன்று இரும்பு ஆணிகளை மணல் தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் செம்புக் கம்பியையும், மூன்றாவதில் துத்தநாகம் பூசிய கம்பியையும் இறுகச் சுற்றுங்கள். மூன்றையும் தனித்தனிக் குவளைகளில் உப்புநீரில் பாதி மூழ்கும்படி வையுங்கள். ஒரு வாரம் நாள்தோறும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த ஆணி முதலில் துருப்பிடிக்கும்? எது கடைசி வரை தாங்கும்? லேண்ட் ரோவரின் கதவு ஓரத்தில் நடப்பதை நினைவில் வைத்து, விடையை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டுத் தொடங்குங்கள்.