ஜேஆர்எஃப் கிடைச்சாச்சு... பிஎச்.டி. இடம் கிடைச்சாச்சா?

“இன்னும் எத்தனை வருஷம்தான் படிப்பே?” எம்.எஸ்சி. முடிக்கும் பலரும் வீட்டில் சந்திக்கும் கேள்வி இது. “மாசாமாசம் பணம் வரும், கவலைப்படாதீங்க” என்று பதில் சொல்லத் தைரியம் தருவது ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை. ஆனால், அதற்கான தேர்வில் ஜெயித்தாலே பிஎச்.டி. இடமும் உறுதி என்று நினைத்தால், அங்கேதான் சிக்கல்!

எவ்வளவு கிடைக்கும்?

2023 ஜனவரியில் உயர்த்தப்பட்டபடி, முதல் 2 ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய். பிறகு ஆய்வின் முன்னேற்றத்தை மதிப்பிட்டு, எஸ்ஆர்எஃப் ஆக உயர்த்தினால் 42,000 ரூபாய். விடுதி இல்லாதவர்களுக்கு வீட்டு வாடகைப்படி தனி.

தேர்வு எப்படி?

அறிவியல் மாணவர்களுக்கு சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வு. வேதியியல், இயற்பியல், கணிதம், உயிரியல், புவி அறிவியல் என 5 பிரிவுகள். 3 மணி நேரம், 200 மதிப்பெண். எம்.எஸ்சி. படிக்கும்போதே எழுதலாம். எல்லாக் கேள்விக்கும் பதில் எழுத வேண்டியதில்லை. தப்பான விடைக்கு மதிப்பெண் போகும் என்பதால், குத்துமதிப்பாக ‘டிக்’ அடிக்காதீர்கள்.

‘பாஸ்’ என்றால் எல்லாம் ஒன்றா?

இல்லை. 2024 முதல் நெட் தேர்ச்சி 3 வகை: ஜேஆர்எஃப், உதவிப் பேராசிரியர் தகுதியுடன் பிஎச்.டி. சேர்க்கை, பிஎச்.டி. சேர்க்கை மட்டும். இதில் முதல் வகைக்குத்தான் உதவித்தொகை. ரிசல்ட் வந்ததும் எந்த வகை என்று பாருங்கள்.

இடம் எங்கே?

நெறியாளர் ஒருவரின் கீழ் ஆய்வில் சேர்ந்த பிறகுதான் பணம் வரத் தொடங்கும். யுஜிசியின் 2022 விதிப்படி, ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே நெறியாளராக இருக்க முடியும். நீங்கள் விரும்பும் பேராசிரியரிடம் காலியிடமே இல்லாமல் போகலாம். ஜேஆர்எஃப் கடிதத்துக்கும் காலக்கெடு உண்டு. அதற்குள் சேராவிட்டால் கஷ்டப்பட்டு வாங்கியது வீணாகிவிடும்.

அதனால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் இப்போதே தேடுங்கள். ஒரே மெயிலை நூறு பேருக்கு அனுப்புவதில் பயனில்லை. நாலைந்து பேரைத் தேர்வு செய்து, அவர்களுடைய சமீபத்திய ஆய்வுக் கட்டுரைகளைப் படியுங்கள். அதில் உங்களுக்கு எது பிடித்தது, என்ன செய்ய ஆசை என்று பத்து வரியில் எழுதுங்கள். ‘இடம் இருக்கிறதா?’ என்று நேரடியாகக் கேட்பதில் தப்பே இல்லை. பல்கலைக்கழகங்களோடு, சென்னை அடையாறு சிஎல்ஆர்ஐ, காரைக்குடி சிக்ரி போன்ற சிஎஸ்ஐஆர் ஆய்வகங்களின் அறிவிப்புகளையும் கவனியுங்கள்.

நெட் மட்டும்தானா?

இல்லை. கேட் மதிப்பெண் 3 ஆண்டுகளுக்குச் செல்லும். இயற்பியலுக்கு ஜெஸ்ட், கணிதத்துக்கு என்பிஹெச்எம் தேர்வுகள் உண்டு. பல்கலைக்கழக அளவில் முதலிடம் பிடித்தவர்கள் இன்ஸ்பயர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

இன்னொன்று: உதவித்தொகை சம்பளம்போல் 1-ம் தேதியே வந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். சேர்ந்த புதிதில் ஆவணங்கள் சரிபார்த்து முடிய மாதக்கணக்கில் ஆகலாம். சில மாதச் செலவுக்குக் கையில் பணம் வைத்துக்கொண்டு, அதை வீட்டிலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.