முட்டிக்குள் ஒரு பார்வை

முட்டி வலி என்று போனால் முதலில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள். எலும்பு தெளிவாகத் தெரியும். ஆனால் ஜவ்வு கிழிந்திருந்தாலோ குருத்தெலும்பு அரிக்கத் தொடங்கியிருந்தாலோ எக்ஸ்ரேயில் நேரடியாகத் தெரியாது. அங்கேதான் எம்.ஆர்.ஐ. கைகொடுக்கிறது. நம் உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் காந்தப்புலத்துக்குள் தரும் சமிக்ஞைதான் படமாகிறது. கதிர்வீச்சு பயம் இல்லை.

1977-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பீட்டர் மான்ஸ்ஃபீல்டு குழுவினர் இந்த முறையில் படம்பிடித்தது ஒரு விரலை. இன்று குருத்தெலும்பு தேய்ந்து மெலிவதற்கு முன்பே, அதற்குள் நீரின் அளவும் கொலாஜன் இழைகளின் ஒழுங்கும் மாறுவதை 'டி-2 மேப்பிங்' என்ற எம்.ஆர்.ஐ. உத்தி காட்டிவிடுகிறது. 2017-இல் 7 டெஸ்லா காந்தப்புல வலிமையுள்ள எம்.ஆர்.ஐ. கருவிக்கு அமெரிக்கா மருத்துவ அனுமதி தந்தது. தலைக்கும் கைகால்களுக்கும் மட்டும். மருத்துவமனைகளில் வழக்கமாக இருப்பவை 1.5 அல்லது 3 டெஸ்லாதான்.

என்னதான் இருந்தாலும், எம்.ஆர்.ஐ. கருவியின் குழாய்க்குள் டமடம சத்தத்தில் ஆடாமல் அசையாமல் படுத்திருப்பது பெரும்பாடு! அந்த நேரத்தைக் குறைக்கவும் வழி பிறந்திருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவர்களும் ஃபேஸ்புக் நிறுவனமும் சேர்ந்து, வழக்கமான தரவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை மட்டும் கொண்டு, செயற்கை நுண்ணறிவால் முழங்கால் படத்தை உருவாக்கினார்கள். நோயைக் கண்டறிவதில் வழக்கமான படத்துக்கு அது சளைக்கவில்லை என்று 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது.

நேயர்களே, உடலில் பேஸ்மேக்கரோ உலோகக் கிளிப்போ இருந்தால், ஸ்கேன் அறைக்குள் நுழையும் முன்பே மறக்காமல் சொல்லிவிடுங்கள்.