வண்ணத்துப்பூச்சிக்களை வளர்க்கும் முறை

நீர் வார்த்தல், எருவிடுதல், இடம் மாற்றி நடுதல் என்பன தோட்டக்கலையின் முதற் பாடங்களாகக் கொள்ளப்படுவன. இம்மூன்றினாலும் கேடுறும் செடியொன்று உண்டெனின் வியப்பாகத் தோன்றும். வட அமெரிக்காவின் பிரேரிப் புல்வெளிகளுக்குரிய வண்ணத்துப்பூச்சிக்களை அத்தகையது. வெயில் காயும் வறண்ட நிலத்திலே பிற செடிகள் வாடி நிற்க, இது செம்மஞ்சட் பூக்களைக் கொத்துக் கொத்தாகத் தாங்கி நிற்கும். இதனை வளர்க்க விரும்புவோர் செய்ய வேண்டியவற்றிலும் பார்க்கச் செய்யாது விடவேண்டியவையே பல.

இலினேயசு என்னும் தாவரவியலறிஞர் 1753 ஆம் ஆண்டில் இதற்கு இட்ட பெயர் அஸ்கிளேப்பியாசு தியூபரோசா என்பது. முற்சொல் கிரேக்கரின் மருத்துவத் தெய்வத்தையும், பிற்சொல் கிழங்குபோற் பருத்த வேரையும் சுட்டுவன. அவ்வேரை அந்நாட்டுப் பழங்குடி மக்கள் மருந்தாகக் கொண்டனர். நம் வெளிகளில் வளரும் எருக்கும் இச்செடியும் ஒரே குடும்பத்தின. முற்றிய காய் வெடித்து, பட்டுக் குஞ்சம் பூண்ட விதைகள் காற்றிலே பறப்பதைக் காணின் இவ்வுறவு புலனாகும். ஆயினும், எருக்கிலையைக் கிள்ளினாற் பால் வடியும். இதன் இலையிற் கசிவதோ தெளிந்த சாறே. பாற்களை இனத்திலே பாலில்லாத செடி இது.

இதன் இயல்புகள் யாவற்றிற்கும் வேரே காரணம். ஒன்று முதல் இரண்டரை அடி உயரமே வளரும் இச்செடி, தன் ஆணிவேரை மண்ணில் மிக ஆழமாகச் செலுத்துகின்றது. கோடையில் மேல்மண் காய்ந்தாலும் ஆழத்து ஈரம் அவ்வேருக்கு எட்டும். புல்வெளியைத் தீ கரித்துச் சென்றாலும், வேர் பிழைத்து மறுபடி தளிர்க்கும். ஆனால், நீர் தேங்கும் களிமண்ணில் அதே வேர் அழுகிவிடும். ஆகவே மணலோ சரளையோ கலந்த, நீர் விரைந்து வடியும் இடத்தையே தெரிதல் வேண்டும். நாள் முழுதும் வெயில் படும் இடம் சாலச் சிறந்தது. எருவிட்டாற் தண்டு நீண்டு மெலிந்து சாயுமாதலின், அது வேண்டுவதில்லை.

விதை இலையுதிர் காலத்தில் உதிர்வது. உதிர்ந்தவுடன் முளைப்பின், பின்வரும் பனிக்காலம் இளநாற்றைக் கொன்றுவிடும். எனவே, குளிரும் ஈரமும் சிலகாலம் பட்ட பின்னரே விதை நன்கு முளைக்கும். இலையுதிர் காலத்திலேயே கால் அங்குல ஆழத்தில் விதைத்துவிடுதல் எளிய வழி. அன்றேல், ஈரமணலிற் கலந்து ஒரு மாதமேனும் குளிர்ப்பெட்டியில் வைத்து, இளவேனிலில் விதைத்தல் வேண்டும்.

முதலாம் ஆண்டில் நாற்று சிறிதாகவே நிற்கும். அப்பருவத்தில் மாத்திரம் மண் முற்றாகக் காயாதபடி நீர் வார்த்தல் தகும். செடி வளரவில்லையென மனஞ் சலிக்கலாகாது. அது வேரை இறக்கிக்கொண்டிருக்கின்றது. பூக்கள் பெரும்பாலும் இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டிலேயே தோன்றும். ஆணிவேர் முறியுமாதலின், வளர்ந்த செடியைப் பெயர்த்து நடலாகாது. காட்டுச் செடியைத் தோண்டி எடுப்பதும் இதனாலேயே பெரும்பாலும் வீணாகும். மேலும், இளவேனிலில் மற்றைச் செடிகள் யாவும் துளிர்த்த பின்னரே இது தலைகாட்டும். பட்டதெனக் கருதிக் கொத்திப் புரட்டுவோர் பலர். நட்ட இடத்தில் ஒரு குச்சியை ஊன்றி வைப்பின் இத்தவறு நேராது.

இத்துணைப் பொறுமை எதற்கு எனின், காரணம் உண்டு. 1837 இல் இலினோயி மாநிலத்தில் ஜோன் டியர் என்பவர் செய்த உருக்குக் கலப்பை, பிரேரி மண்ணை எளிதிற் பிளந்தது. நெடும்புற் பிரேரியாக இருந்த நிலத்தில் இன்று நூற்றுக்கு நான்கு பங்குதானும் எஞ்சவில்லை. 1996 முதற் களைகொல்லியைத் தாங்கும் பயிர்கள் பரவவே, வயல்களில் நின்ற பாற்களைகளும் அருகின. மொனாக் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்குப் பாற்களை இலையன்றி வேறுணவு இல்லை. ஆண்டுதோறும் மெக்சிக்கோவின் மலைக்காடுகளுக்குப் பறந்து சென்று பனிக்காலங் கழிக்கும் அவ்வினம் இதனாற் பெரிதும் குறைந்தது. வண்ணத்துப்பூச்சிக்களையின் தேனை அது விரும்பி உண்ணும். முட்டையிடுதற்கு வேறு பாற்களைகளையே பெரிதும் நாடுமாதலின், அவற்றையும் உடன் வளர்த்தல் நன்று.

நம் நாட்டிலும் மொனாக்கின் நெருங்கிய உறவான வண்ணத்துப்பூச்சியொன்று எருக்கிலே முட்டையிடுகின்றது. அதன் வரிப்புழு எருக்கிலையைக் கறிப்பதைப் பலர் கண்டிருப்பர். வண்ணத்துப்பூச்சிக்களையின் இலைகளிலும் அவ்வாறே துளைகள் தோன்றும். அவற்றைக் கண்டு பூச்சிமருந்தை எடுத்தலாகாது. இலை மீண்டும் தளிர்க்கும். வேர் ஆழத்தில் இருக்கின்றது.