நெக்ரில்

நெக்ரில் கரிபியக் கடலிலுள்ள ஜமைக்கா தீவின் மேற்குக் கோடியில், வெஸ்ட்மோர்லண்ட், ஹனோவர் என்னும் இரு மாவட்டங்களில் பரவி அமைந்துள்ள கடற்கரைச் சுற்றுலா நகராகும். இதன் வெண்மணற் பரப்பு "ஏழு மைல் கடற்கரை" என அழைக்கப்படுகிறது. உண்மையில் அதன் நீளம் ஏறத்தாழ நான்கு மைல்களே. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது.

பழைய வரலாறு

ஸ்பானியர் இட்ட "நெக்ரில்லோ" என்ற பெயரிலிருந்து இன்றைய பெயர் வந்தது. 1720 இல் ஜான் ராக்கம் என்ற கடற்கொள்ளையன், ஆன் பானி, மேரி ரீட் ஆகிய இரு பெண்களுடன் இதன் அருகே பிடிபட்டான். 1814 இல் நியூ ஓர்லியன்ஸ் நகரைத் தாக்கச் சென்ற பிரித்தானியக் கடற்படை இங்கிருந்தே புறப்பட்டது. 1894 இல் மேற்கு முனையில் கலங்கரை விளக்கம் எழுப்பப்பட்டது. மற்றபடி, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இது மீனவர் வாழும் சிற்றூராகவே இருந்தது.

சுற்றுலாவின் தொடக்க நாட்கள்

கடற்கரைக்குப் பின்புறம் ஏறத்தாழ 2,300 ஹெக்டேர் பரப்பில் பெருஞ்சதுப்பு நிலம் உள்ளது. நெக்ரில் நெடுங்காலம் தனித்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1950களின் இறுதியில் பயணிகள் வரத் தொடங்கியபோது, படகிலிருந்து இறங்கி நீரில் நடந்தே கரை சேர வேண்டியிருந்தது. தங்குவதற்கு விடுதிகள் இல்லை. ஊர்க் குடும்பங்களின் வீடுகளில் குறைந்த வாடகைக்கு அறை கிடைத்தது. அதுவும் இல்லாதவர்கள் முற்றத்தில் கூடாரம் அடித்தனர். அமெரிக்க ஹிப்பி இளைஞர்களை ஈர்த்தது இவ்வெளிமையே. விருந்தினர் தந்த பணம் நேராக அவ்வீட்டாரின் கைக்கே சென்றது என்பதை இங்குக் குறிப்பிட வேண்டும்.

மேற்கு முனையில் மணல் இல்லை. சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள் கடலுக்குள் செங்குத்தாக இறங்குகின்றன. 1974 இல் இக்குன்றின் மேல் "ரிக்ஸ் கஃபே" திறக்கப்பட்டபோது அப்பகுதிக்கு மின்சாரமோ தொலைபேசியோ வந்திருக்கவில்லை. 1988 இல் கில்பர்ட் சூறாவளியும் 2004 இல் ஐவன் சூறாவளியும் இவ்வுணவகத்தை அழித்தன. இருமுறையும் அது மீண்டும் கட்டப்பட்டது.

மாண்டிகோ பே நகரிலிருந்து வரும் சாலை மேம்படுத்தப்பட்ட பின் நிலைமை விரைவாக மாறியது. 1970களின் பிற்பகுதியில் "நெக்ரில் பீச் வில்லேஜ்" என்ற பெரிய விடுதி திறக்கப்பட்டது. உணவு, மது, கேளிக்கை அனைத்துக்கும் முன்னரே பணம் பெறும் விடுதிகள் அடுத்தடுத்து வந்தன. இவற்றில் தங்குவோர் வேலியைத் தாண்டி வெளியே வரவேண்டிய தேவையே இல்லை. கட்டடங்கள் தென்னையின் உயரத்தை மிஞ்சலாகாது என்ற பழைய கட்டுப்பாட்டை ஊரார் இன்றும் பெருமையுடன் கூறுவர்.

மணல் தேய்வு

இக்கடற்கரையின் மணல் ஆறு கொண்டுவந்தது அன்று. கடற்புல் வெளிகளில் வளரும் சுண்ணாம்புப் பாசிகளும், பவளப் பாறைகளில் வாழும் நுண்ணுயிர்களின் ஓடுகளும் உடைந்து உருவானது. சதுப்பு நிலம் மழைநீரிலுள்ள வண்டலையும் கழிவையும் வடிகட்டி, தெளிந்த நீரையே கடலுக்கு விடும். 1950களின் இறுதி முதல் சதுப்பு நீரை வடிக்கக் கால்வாய்கள் வெட்டப்பட்டதால் இவ்வடிகட்டும் வேலை குன்றியது. குளிப்போரின் காலில் தட்டுப்படுகிறது என்று கடற்புல் பல இடங்களில் அகற்றவும்பட்டது. மணல் விளையும் வயலையே அழித்ததற்கு இது ஒப்பாகும். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2010 ஆம் ஆண்டு ஆய்வு, நாற்பது ஆண்டுகளாகக் கரை ஆண்டுக்கு அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை பின்வாங்கியதாகக் கணித்தது.

1980களில் சதுப்பிலுள்ள முற்றா நிலக்கரியை எரிபொருளுக்காகத் தோண்டும் திட்டம் முன்வைக்கப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டது. 1990 இல் பவளப் பாறைப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. 1998 இல் கடற்பூங்கா அறிவிக்கப்பட்டது. பின்னாளில் கரைக்கு அப்பால் அலைதாங்கிச் சுவர்கள் கட்ட அரசு முற்பட்டபோது விடுதியாளரும் ஊராரும் எதிர்த்தனர். பாறைகளைக் கொட்டுவதற்குப் பதில், மணலைக் கொண்டுவந்து கரையை நிரப்ப வேண்டும் என்பது அவர்கள் வாதமாக இருந்தது.