வயதான பூனைக்கு நம் வீட்டு மாத்திரை வேண்டாம்

"பூனைக்கு வயசாயிடுச்சு, நடக்கவே கஷ்டப்பட்டுச்சு. கால் பாராசிட்டமால பொடி பண்ணிப் பால்ல கலந்து குடுத்தோம். மறுநாளே போயிடுச்சு." கால்நடை மருத்துவமனை வராந்தாக்களில் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டாகிவிட்டது. கொடுத்தவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. அது படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல்தான் கொடுக்கிறார்கள். குழந்தைக்கே கொடுக்கிற மருந்து, பூனைக்கு என்ன செய்துவிடும் என்ற நினைப்பு.

கொன்றுவிடும். பாராசிட்டமாலைத் தீங்கில்லாமல் கழித்துவிடும் நொதி நம் கல்லீரலில் தாராளமாக உண்டு. பூனைக்கு மிகமிகக் குறைவு. மருந்து உள்ளேயே நஞ்சாக மாறி, ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாதபடி ரத்தச் சிவப்பணுக்களைக் கெடுத்துவிடும். ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். 4 கிலோ பூனைக்கு 500 மில்லிகிராம் மாத்திரையில் கால் துண்டு என்றால் கிலோவுக்கு 31 மில்லிகிராம். கிலோவுக்கு 10 மில்லிகிராமிலேயே பூனைக்கு நஞ்சேறியிருக்கிறது. ஆகவே "கொஞ்சமாத்தான் குடுத்தோம்" என்பதற்கு இங்கே பொருளே இல்லை.

தெரியாமல் கொடுத்துவிட்டீர்களா? ஈறு நிறம் மாறும்வரை காத்திருக்காதீர்கள். உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தியெடுக்க வைக்காதீர்கள். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். முறிமருந்து இருக்கிறது, பெயர் அசிட்டைல்சிஸ்டீன். மனிதர்களுக்கான மருந்துதான். பெரிய மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும், டாக்டர் எழுதிக்கொடுத்தால் ஓடிப்போய் வாங்கிவரலாம். 1962 என்ற எண்ணில் கூப்பிடும் கால்நடை ஆம்புலன்ஸ் முக்கியமாக ஆடு மாடுகளுக்கானது; அதற்காகக் காத்திராமல் ஆட்டோ பிடியுங்கள்.

ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் கதையும் இதுதான். இவை சிறுநீரகத்தையும் குடலையும் அடிக்கும். பிணந்தின்னிக் கழுகுகளைக் கொன்றதற்காக 2006-லேயே விலங்கு வைத்தியத்திலிருந்து தடை செய்யப்பட்ட டைக்ளோஃபினாக்கை வீட்டு அலமாரியிலிருந்து எடுத்துப் பூனைக்குத் தடவுகிறவர்களை என்ன சொல்வது? தடவியதைப் பூனை நக்கும். நீங்கள் உங்கள் முழங்காலில் தடவிக்கொண்டு பூனையை மடியில் வைத்தாலும் அதைத்தான் நக்கும். நீலகிரித் தைலம், வலி நிவாரணி பாம் எதுவும் பூனையின் முதுகுக்கு ஆகாது.

இத்தனைக்கும், வலி தீர்க்கக்கூடியதுதான். பெரும்பாலோர் அது வலி என்றே உணர்வதில்லை, "வயசாச்சு, சோம்பேறி ஆயிடுச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். 12 வயது தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து 2002-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், 90 சதவீதத்துக்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. அவற்றில் பல நொண்டியிருக்காது. பூனை பெரும்பாலும் நொண்டாது, வலிக்கும் வேலையை நிறுத்திவிடும். பீரோ மேல் தாவியது இப்போது நாற்காலியோடு நின்றுவிடும். மணல் தட்டுக்குப் பக்கத்திலேயே சிறுநீர் கழிக்கும். அது திமிர் இல்லை, விளிம்பைத் தாண்டக் கால் எழவில்லை. முதுகுப்புறம் நாக்கு எட்டாமல் முடி சடை பிடிக்கும். நகம் தேயாமல் தடித்து வளைந்து உள்ளங்காலிலேயே குத்தும். இடுப்பைத் தொட்டால் கடிக்கும்.

இவற்றை செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள்: படியேறுவது, கட்டிலிலிருந்து இறங்குவது, மணல் தட்டுக்குள் போவது. கிளினிக் மேசையில் பயந்து பதுங்கிய பூனை எதையும் காட்டாது, அந்த அரை நிமிட வீடியோ காட்டும். அரசு கால்நடை மருந்தகத்தில் மாடுதான் பார்ப்பார்கள் என்று நினைக்க வேண்டாம், பூனையையும் காட்டலாம். எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனைக்குப் பன்முக மருத்துவமனை அல்லது கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டியிருக்கும். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி, மற்றவர்களுக்கு நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி.

அங்கே நீங்களாகவே ஒன்று கேளுங்கள்: "கிரியேட்டினின் பார்த்துட்டீங்களா?" சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அது. முதிய பூனைகளில் பலவற்றுக்குச் சிறுநீரகமும் தளர்ந்திருக்கும். அதைப் பாராமல் வலி மருந்து தொடங்கினால், மூட்டைக் காப்பாற்றப்போய்ச் சிறுநீரகத்தை இழக்க நேரும். பூனைக்குப் பெரும்பாலும் எழுதப்படுவது மெலாக்ஸிகாம். நீண்ட நாள் தருவதற்கு ஐரோப்பிய அளவு கிலோவுக்கு 0.05 மில்லிகிராம், அதாவது 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 0.2. மனிதர்களுக்கான 7.5 மில்லிகிராம் மாத்திரை ஒன்று அந்தப் பூனைக்கு முப்பத்தேழு நாள் மருந்து! அதை உடைத்துக் கொடுக்க எந்தக் கத்தியாலும் முடியாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்போ, பூனைக்கு இதைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் சிறுநீரகம் செயலிழக்கலாம் என்று 2010-லேயே பெட்டி கட்டி எச்சரித்துவிட்டது. டாக்டர் மேற்பார்வை இல்லாமல் ஒரு சொட்டும் கூடாது.

சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "மெலாக்ஸிகாம், ஒரு வேளை" என்று மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். பூனையின் எடை, மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம், ஒரு வேளைக்கு எத்தனை மில்லிலிட்டர், எத்தனை நாள், டாக்டரின் பெயர், பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும். நாய்க்கான மெலாக்ஸிகாம் திரவம் ஒன்று மில்லிலிட்டருக்கு 1.5 மில்லிகிராம், பூனைக்கானது 0.5. புட்டி மாறினால் மருந்து மூன்று மடங்கு. விலங்கு மருந்தின் லேபிளில் வீட்டு விலங்கின் தலைப்படமும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வாசகமும் இருக்கும். கடையிலேயே திருப்பிப் பாருங்கள். மருந்து தொடங்கிய பின் பூனை சாப்பிடாவிட்டால், வாந்தியெடுத்தால், மலம் கறுத்தால் அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். மூட்டு வலிக்கு மாதம் ஒரு ஊசியாகப் போடும் ஃப்ரூனெவெட்மாப் என்ற மருந்துக்கு ஐரோப்பாவில் 2021-லும் அமெரிக்காவில் 2022-லும் அனுமதி கிடைத்திருக்கிறது. உங்கள் டாக்டரிடம் அதைப்பற்றியும் கேட்டு வையுங்கள்.

வீட்டில் செய்வதற்குச் செலவே இல்லை. மணல் தட்டின் ஒரு பக்க விளிம்பை வெட்டித் தாழ்த்துங்கள். சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போடுங்கள். மார்கழியில் தரையில் படுக்கவிடாமல் பழைய கம்பளி விரியுங்கள். நகம் வெட்டிவிடுங்கள். குண்டுப் பூனை என்றால் எடை குறைய வேண்டும், ஆனால் மெல்ல. பட்டினி போட்டால் ஈரலில் கொழுப்பு ஏறி அதுவே உயிரைக் குடிக்கும்.

இனி, புகார். பெட் ஷாப்காரரோ, பதிவில்லாத "டாக்டரோ" ஊசி போட்டால் அது 1984-ம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டத்தின் 30-ம் பிரிவுக்கு எதிரானது. பதிவு பெற்ற டாக்டரே அலட்சியம் காட்டினால் தமிழ்நாடு மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம். சீட்டில்லாமல் மருந்து விற்ற கடைமீது உங்கள் பகுதி மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். நடவடிக்கை எடுக்க அவர்களுக்கு எத்தனை மாதம் ஆகும் என்பது வேறு கதை. எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். கட்டணம் வாங்கிய சிகிச்சையில் குறைபாடு என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது: இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, வழிகேட்க 1915.

நடக்க முடியாத கிழட்டுப் பூனையை மீன் மார்க்கெட்டில் இறக்கிவிட்டு வருவதும் 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ம் பிரிவில் குற்றம்தான். முதல்முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். அறுபது ஆண்டு கடந்தும் அந்த உச்சத் தொகையை உயர்த்த யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

சட்டம் எதுவானாலும் எந்தப் புகாருக்கும் முதலில் கேட்கப்படுவது காகிதம்தான். கன்சல்டேஷனுக்கு ரசீது, மருந்துக்கு பில், ரத்தப் பரிசோதனை முடிவின் நகல், இந்த மூன்றையும் கேட்டு வாங்கி ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.